நாற்பத்தொரு செக்கன்

குருநகர் இறங்குதுறையில்
ஒரு வள்ளத்தின் நங்கூரக் கயிற்றிலிருந்து
வழித்தெடுத்த வழுக்கல் அது.
ஏழு கிழமை தட்டில் வளர்ந்து
இப்போது முகவைக்குள் இருக்கிறது.
கண்ணாடிக்கோலைத் தூக்கினால் கூடவே எழும்பி
நூலாக நீண்டு
அறுந்துபோக மனமில்லாமல் திரும்புகிறது.

பக்டீரியாவுக்கு அது வீடு,
அலை இழுக்க இழுக்கக் கயிற்றை விடாத பிடி.
எனக்கு, சளி மாதிரி ஒரு சீனிச் சங்கிலி,
எந்த வடிதாளிலும் இறங்காதது.

"அமிலத்தில போட்டு அவியுமன் பிள்ளை"
என்றார் பேராசிரியர்.
அமிலம் கண்ட கண்ட இடத்தில் கடிக்கும்.
கிளையில் தொங்கும் சல்பேற்றையும் தின்னும்.
எனக்கு வேண்டியது
அதே சீனி, அதே கிளை,
சங்கிலி மட்டும் குட்டை.

ஆகவே ஒலி.

முகவையை ஐஸுக்குள் புதைத்து
தைட்டேனியக் கோலை விரலளவு இறக்கினேன்.
செக்கனுக்கு இருபதினாயிரம் தரம் அது நடுங்கும்.
எங்களுக்கு எட்டுவது ஒரு சீறல் மட்டும்.
மிச்சமெல்லாம்
நடையில் படுத்திருக்கும் நாய்க்கு.
ஆளியைப் போட்டதும் அது எழும்பி
எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு
நூலகப் பக்கம் போய்விடும்.

றெஜினோல்ட் காதுக்கவசம் கொண்டுவந்தான்.
முகமாலையில் கண்ணிவெடி கிளறிய காலத்துச் சாமான்,
மஞ்சள், ஒரு பக்கப் பஞ்சு பிய்ந்தது.
"வெடிக்கிறதே தெரியேல்லை, பிறகேன் மிஸ் இது?"
வெடிக்கிறது என்றேன்.
திரவத்துக்குள் குமிழிகள் பிறந்து, வீங்கி,
உள்ளுக்கு நொறுங்கும்.
அந்த இழுப்பில் பக்கத்துச் சங்கிலி
இரண்டு பேர் பிடித்திழுத்த வடம் போல
ஏறக்குறைய நடுவில் அறும்.
"எத்தினை குமிழி?"
எண்ணேலாது.
"அங்கை நாங்கள் ஒவ்வொண்டாய்
எண்ணி எழுதினனாங்கள்"
என்றுவிட்டு ஐஸ் மாற்றப் போனான்.

பத்து நிமிடத்துக்கு ஒருதரம்
மெல்லிய குழாயில் விட்டு
வழிந்திறங்கும் நேரம் பார்த்தோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு செக்கன்.
நூற்றெழுபது.
தொண்ணூறு.
கறண்ட் போனது.
நாய் திரும்பி வந்து படுத்தது.
கறண்ட் வந்தது. நாய் போனது.
ஐம்பத்தெட்டு.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.
வலுவை ஏற்றினேன். ஐஸ் மூன்று தரம் மாறியது.
கோலின் முனையில் அம்மைத் தழும்பு போலப் பள்ளங்கள்.
நாற்பத்தொன்று.

வெறும் தண்ணீருக்கு முப்பத்தெட்டு.

புத்தகத்தில் இருக்கிறதுதான்:
ஒரு நீளத்துக்குக் கீழே போன சங்கிலியை
ஒலி உடைக்காது.
குமிழி பிடித்திழுக்க அதில் நீளம் போதாது.
படித்துத்தான் இருந்தேன்.
ஆனாலும் இன்னொரு அரைமணித்தியாலம் ஓடவிட்டேன்.
ஏனென்று குறிப்பேட்டில் எழுதவில்லை.

ஆளியை நிறுத்திய பிறகு
றெஜினோல்ட் ஒரு துளியை
இரண்டு விரலுக்குள் வைத்துத் தேய்த்தான்.
"தண்ணி" என்றான்.
பிறகு விரலை மெல்லப் பிரித்து,
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து,
"இல்லை மிஸ், கொஞ்சம் பிடிக்குது."