மண் என்ற வரியில்

குரு வரவில்லை. கீழே நெடுஞ்சாலையில் மறியல்,
டயர் எரிகிற புகை இங்கிருந்தே தெரிந்தது.
ஆகவே சகல புனிதர் திருநாளின் வாசகம்
என் தலையில் விழுந்தது.

ஓருரோ மலையில் அந்த நேரத்துக் குளிருக்குக்
கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கும்,
கழற்றாவிட்டால் தாள் புரளாது.
கழற்றினேன்.

நான் கல் பொறுக்குகிறவள், பாசிலியா சோக்கே.
சுரங்கம் வேண்டாமென்று கொட்டிய மேட்டில் அமர்ந்து
முப்பது வருடமாகச் சுத்தியலால் உடைத்துப் பார்க்கிறேன்.
உள்ளே வெள்ளீயம் கொஞ்சம் மினுங்கும்.
எடைபோடுகிறவன் உதட்டைப் பிதுக்கிவிட்டு வாங்கிக்கொள்வான்.
எழுத்துக் கூட்டக் கற்றது நாற்பது வயதில்.
சொல்லையும் அப்படித்தான், தட்டித் தட்டி.

ஏழைகளைப் பேறு பெற்றவர்கள் என்றது முதல் வரி.
வாசித்தேன். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.
அழுகிறவர்களையும் அப்படியே என்றது அடுத்தது.
குரல் உடையுமென்று பயந்திருந்தேன், உடையவில்லை.
மூன்றாவதில் சாதுவானவர்கள்.
அவர்களுக்கு மண் சொந்தமாகும்
என்று இருந்தது.

நின்றுவிட்டேன்.

என் ருஃபினோ சாதுவானவன்.
கழுதையைக்கூட அதட்டத் தெரியாது.
நாலாம் எண் குடைவில் கூரை முனகுகிறது என்று சொன்னான்,
போடா என்றார்கள், போனான்.
அவனுக்கு மண் கிடைத்தது.
ஒரு மலையளவு.
பதினோரு நாள் தோண்டியும் முழுவதும் திரும்ப வாங்க முடியாத அளவு.

முன்பெஞ்சில் ஆன்செல்மோ வில்கா,
கூட்டுறவின் தலைவன், போடா என்றவன்,
தொப்பியின் விளிம்பை எண்ணிக்கொண்டிருந்தான்.
நான் புத்தகத்தை மூடினேன்.
வாசகம் முடிந்தது என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.
ஐந்து வரி உள்ளேயே இருந்தது.

உச்சிப்பொழுதுக்கு ஆன்மாக்கள் இறங்கும்.
மேசை போட்டிருந்தேன், மூன்றாம் வருடம், கடைசி மேசை:
ரொட்டியால் ஏணி, ரொட்டியால் குதிரை,
முகம் வரைந்த ரொட்டிக் குழந்தை,
தாகத்துக்கு வெங்காயத்தாள்.
யார் வந்து செபித்தாலும் ரொட்டி கொடுக்க வேண்டும்.
யார் வந்தாலும்.

இருட்டுகிற நேரத்தில் அவன் வந்தான்.
வாசலுக்குக் குனிந்தான், நிமிரவில்லை.
செபத்தின் நடுவில் சொல் மறந்துபோய்
ருஃபினோ டிகோனா சோக்கே, ருஃபினோ டிகோனா சோக்கே என்று
பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான்.
என் குடும்பப் பெயரையும் சேர்த்து.
கூட்டுறவின் காகிதத்தில் அதை விட்டிருந்தார்கள்.

உடைந்த பிஸ்கட் ஒன்றைத்தான் எடுக்க நினைத்தேன்.
கை குதிரையை எடுத்தது.
இரக்கம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.
வழக்கம்.
அவன் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.
வெளியே காற்றில் நின்று, கால் கால்களாகப் பிட்டு,
கடைசித் துணுக்கு வரை தின்றான்,
பசித்தவன் தின்பதுபோல.
ஜன்னல் துணியை விலக்கிப் பார்த்தேன்.
பார்த்திருக்க வேண்டாம்.

இரவு புத்தகத்தைத் திறந்து
மீதி ஐந்து வரியை மேசைக்கு வாசித்தேன்.
நீதிக்குப் பசித்தவர்கள் இருந்தார்கள்.
இரங்குகிறவர்கள் இருந்தார்கள், அந்த வரியைச் சீக்கிரம் கடந்தேன்.
பிறகு ஒன்று கண்ணில் பட்டது.
முதல் வரியிலும் கடைசி வரியிலும்
விண்ணரசு அவர்களுடையதாக இருக்கிறது.
இருக்கிறது, இன்றைக்கே.
நடுவில் எல்லாமே வரும், கிடைக்கும், காண்பார்கள்.

நடுவில்தான் என் வீடு.

உன்னைப் பெற்றேன், ருஃபினோ,
அது பேறு இல்லையென்றால் வேறெது என்று தெரியவில்லை.
ஆறுதல் வரும் என்று போட்டிருக்கிறது.
எந்தத் தேதி என்று போடவில்லை.
மறுநாள் உச்சியில் ஏணியைப் பிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்,
நீ ஏறியிருப்பாய்.

திங்கட்கிழமை மேட்டுக்குப் போனேன்.
முதல் கல் வெறும் கல்.
இரண்டாவதை எடுத்தேன்.