மூக்குச் சில்லு

"விபத்துக்கான காரணம்" என்பதற்குக் கீழே
படிவத்தில் மூன்று வரிதான் விட்டிருக்கிறார்கள்.
முதல் வரியில் காற்று என்று எழுதினேன்.
பொய்யில்லை. ஆடிமாதக் கச்சான்
தம்பலகாமத்து வயல்களைக் கடந்து வந்து
வலத் தோளில் இடித்துக்கொண்டேதான் இருந்தது.
ஆனால் எனக்கு முன்னால் இறங்கிய ருசிர
அதே காற்றில்
மேசையில் தாள் வைப்பதுபோல் வைத்துவிட்டுப் போனான்.
காற்றை வெட்டினேன்.

பதினேழு மணித்தியாலம் பறந்திருக்கிறேன்.
அதில் சில்லு தரையைத் தொட்ட நேரம்
எல்லாம் கூட்டினாலும் பத்து நிமிடம் வராது.

எண்ணெய்த் தாங்கிகள், மா ஆலை,
குடாவில் ஒரு தோணி;
அதில் நின்றவன் அண்ணாந்து பார்க்கவில்லை.
சீனக்குடாவில் எங்களை யாரும் பார்ப்பதில்லை.
பிறகு ஓடுபாதை மட்டும்,
வெயிலில் நெளிந்துகொண்டு.

இன்னும் தொடாதே, இன்னும் தொடாதே
என்று பிடித்திருக்க வேண்டும்,
களைத்துப்போய்த் தானாக உட்காரும்.
கையேட்டில் அடிக்கோடிட்டதும் நான்தான்.
பக்கத்து இருக்கை காலி.
ஓர் ஆளின் பாரம் குறைந்த விமானம்
மிதந்தது, மிதந்தது,
எனக்குப் பொறுக்கவில்லை.
கீழே அழுத்தினேன்.

தரை திருப்பி எறிந்தது.

அப்போதுகூட விசையைக் கூட்டி
மேலே போயிருக்கலாம்.
வானம் முழுக்கத் திறந்துதான் கிடந்தது.
மறுபடி அழுத்தினேன்.
இரண்டு.
மூன்றாவதில் மூக்குச் சில்லு மடிந்தது.
அடிப்பிடித்த சட்டியைக் கரண்டியால் சுரண்டும் சத்தம்,
ப்ரொப்பெல்லர் தாரில்.
பிறகு புல். பெட்ரோல் மணம்.
ஓர் ஆட்காட்டி விடாமல் கத்தியது.
அதன் முட்டைகளுக்கு
ஒரு முழம் இப்பால் நின்றிருக்கிறேன்.

பரீது நானா ஓடிவந்து கதவைத் திறந்தார்.
காயமா என்று கேட்கவில்லை.
குனிந்து பற்றரியை அணைத்தார், எண்ணெய்க் குழாயை மூடினார்,
அப்புறம்தான் என்னைப் பார்த்து,
"கைய விடுங்க மகள்" என்றார்.
நான் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அவசரம் என்று எழுதினேன், ஒரே சொல்.
அப்படி எழுதக் கூடாதாம்.
"பிழையான திருத்தம்" என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன். ஒரு வரி மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை கிண்ணியா பஸ்ஸில் கடைசி இருக்கை.
வேகத்தடையில் எல்லோரையும் தூக்கிப் போட்டது.
மடியில் கிடந்த என் கை
விரல் மடக்கி முன்னே போனது.
மற்றக் கையால் பிடித்துவைத்தேன்.

பஸ் தானாக இறங்கியது.