பானெட்டின் இடது பாதி

நூற்று அறுபத்தெட்டு வெள்ளி.
அதிர்ஷ்ட எண்ணில் விலை வைத்தவன்
வியாபாரம் தெரிந்தவன்.
டப்பா உள்ளங்கைக்குள் அடங்கியது.
இருநூறு கிராம்.
கிராம் எண்பத்து நான்கு காசு என்று
மனசு கணக்குப் போடத் தொடங்கியதும்
கைப்பேசியை அணைத்துவிட்டேன்.

பிரேசில் நாட்டுப் பனையோலையில் படிகிற மெழுகாம்.
மூடியைத் திறந்தால்
நேற்றைய பாண்டான் கேக் வாசனை.
"ரொட்டியில தடவலாமா?" என்றாள் தவமலர்.
அவளிடம் விலை பதினாறு என்று சொல்லியிருந்தேன்.
எட்டை மட்டும் விட்டேன்,
மற்றபடி பொய் இல்லை.

ஞாயிறு காலை ஆறரை. சுவா சூ காங்.
கழுவுமிடத்தில் எனக்கு முன்னால் யாரும் இல்லை.
பானெட்டின் நடுவே
வகிடு எடுப்பதுபோல நாடா ஒட்டினேன்.
இடப்பக்கம் பிரேசில்.
வலப்பக்கம்,
கோப்பிக்கடைக்கு அடுத்த இரும்புக்கடையில் வாங்கிய
ஒன்பது வெள்ளி தொண்ணூறு காசு.
வட்டமாகத் தேய்ப்பதா நேராகத் தேய்ப்பதா என்பதில்
உலகம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.
நான் வட்டக் கட்சி.
தேய்த்து முடித்து நாடாவைப் பிய்த்தபோது
தோள்பட்டை வலித்தது,
ஏனோ மனசு லேசாக இருந்தது.

கூரையில்லாத மேல்தளத்தில் கொண்டுபோய் நிறுத்தி
நாலு மணி மழைக்குக் காத்திருந்தேன்.
நாலே காலுக்கு வந்தது.
இடப்பக்கம் தண்ணீர்
முத்து முத்தாய் நின்றது.
வலப்பக்கமும்.
இடப்பக்க முத்து கொஞ்சம் கூடுதல் உருண்டையோ?
குனிந்து பார்த்தேன், குந்திப் பார்த்தேன்.
சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

மூன்றாம் வாரம் மைனா.
பாரபட்சம் இல்லாத பறவை.
பிரேசிலுக்கு இரண்டு, இரும்புக்கடைக்கு ஒன்று.
எல்லாம் ஒரே துடைப்பில் போனது.

பக்கத்து இடத்து வேன்காரர் ரோஸ்லியை
நடுவராக அழைத்தேன்.
"எந்தப் பக்கம் விலை கூட, சொல்லுங்க."
வண்டியைச் சுற்றி வந்தார்.
டார்ச் அடித்தார்.
முகவாயைச் சொறிந்துவிட்டு
"பின்கதவு" என்றார்.
பின்கதவில் நான் எதையுமே பூசவில்லை.
சாங்கிக்கும் ஜூரோங்குக்கும் போகிறவர்கள்
வருஷக்கணக்காய் இடுப்பால் சாத்திய கதவு அது.
ஏறும்போது கைப்பேசியைப் பார்க்கிறார்கள்,
இறங்கும்போதும்.
கொடுக்கிற ஐந்து நட்சத்திரத்தில்
பளபளப்புக்கென்று ஒரு முனைகூட இல்லை.

டப்பாவின் அடியில் பொடி எழுத்தில்
ஐந்தாண்டுப் பாதுகாப்பு என்று போட்டிருந்தது.
வண்டிக்குக் கேட்காமல்
மெதுவாகப் படித்தேன்.
அதன் உரிமைச் சான்றிதழில்
இன்னும் பதினொரு மாதம்தான் பாக்கி.
சாகும் தேதி முன்கூட்டியே தெரிவது
எங்களூர்க் கார்களுக்கு மட்டும் உள்ள வசதி.
ஒப்படைக்கிற நாளில்
எஞ்சின் எண்ணைச் சரிபார்ப்பார்கள்,
கையெழுத்து வாங்குவார்கள்.
முகம் தெரிகிறதா என்று
எவனும் பானெட்டில் குனியப் போவதில்லை.

ஆக, கொடுத்த காசுக்குத் தகுமா?
தகாது.
ரோஸ்லியிடமும் அதையே சொன்னேன்.
அவர் கேட்டார்: "மிச்சத்த என்ன செய்யப் போறீங்க?"

ஏழாம் வாரம் அடைமழை.
இரண்டு பக்கமும் முத்துகள் சோர்ந்து
சப்பையாகியிருந்தன, ஒன்றுபோலவே.
நடுவே மட்டும்
நாடா ஒட்டியிருந்த அந்த விரலகலக் கோட்டில்
தண்ணீர் நிற்கத் தெரியாமல் பரவிக் கிடந்தது.
இரண்டு மெழுகும் தொடாத இடம்.
இத்தனை நாள் இடமும் வலமும் பார்த்தவன்
அதைப் பார்க்கவே இல்லை.

மழை விட்டதும் துடைத்துக் காயவிட்டு
இரண்டு டப்பாவையும் திறந்து வைத்தேன்.
எதைப் பூசலாம் என்று யோசிக்கையில்
கைப்பேசி அதிர்ந்தது.
தவமலர்.
வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டாளாம்.
அந்த எட்டு எங்கே என்று கேட்டிருந்தாள்.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
பிரேசிலில் விரலை விட்டேன்.
எப்படியும்
திட்டு ஒன்றுதான்.