வந்து சேரும்வரை

லூனன்பர்க் பக்கம், நவம்பர் சனிக்கிழமை.
தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு
அந்த இடத்தில் எங்களுக்கு மேசை போட்டிருந்தார்கள்.
தரையில் டீசல் கறை.
மேசையில் என் வெள்ளை விரிப்பு,
அதன்மேல் பதினேழு மேப்பிள் கிண்ணங்கள்.

தகரக் கூரை.
மழையைத் தடுக்கும், பனியைத் தடுக்கும்,
கைபேசிக் கோபுரத்தையும் சேர்த்தே தடுக்கும்.
அட்டை தேய்க்கும் என் சின்ன இயந்திரம்
இணைக்கிறது, இணைக்கிறது என்று
பகல் முழுக்கப் பொய் சொன்னது.

பக்கத்து மேசை வெர்னா ஸ்விக்கர்.
சூடு பிடிக்கும் துணிகள் தைக்கிறவள்.
காசுப்பெட்டி கிடையாது, இடுப்புப் பைதான் அவளுக்கு வங்கி.
ஐம்பது டாலர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கி
அதன் கண்ணாடிச் சன்னல் வழியே
கொடுத்தவர் முகத்தையும் ஒருதரம் பார்த்துக்கொள்வாள்.
மீதியை எண்ணி முடிக்கும்வரை
நோட்டு மேசைமேலேயே கிடக்கும்,
கத்தரிக்கோலின் அடியில்.
"நான் தந்தது நூறு" என்று
அவளிடம் யாரும் ஆரம்பிக்க முடியாது.

எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.
மூன்று வருடம் முன்னால் ஒரு காசோலை வாங்கினேன்.
நல்ல கம்பளிச் சால்வை, நல்ல பேச்சு.
மரத்தின் ரேகையைத் தடவிப் பார்த்து,
"காற்றோடு சண்டை போட்டு வளர்ந்த மரம்" என்றார்.
அந்த ஒரு வாக்கியத்துக்கு விழுந்துவிட்டேன்.
அடையாள அட்டை கேட்கக் கூச்சமாக இருந்தது.
பத்து நாளில் காசோலை திரும்பி வந்தது,
கிண்ணம் வரவில்லை.
வங்கி என்னிடமே அபராதம் பிடித்தது.

இன்று வந்தவன் சின்னப் பையன்.
பிளந்த பூட்ஸில் சாம்பல் நிற டேப்.
இருப்பதிலேயே பெரிய கிண்ணத்தை எடுத்தான்,
நூற்று எண்பது டாலர்.
பேரம் பேசவில்லை.
அதுதான் எனக்கு உறுத்தியது.

வாசலுக்குப் போய் வந்து கைபேசியை நீட்டினான்.
"அனுப்பிட்டேன், பாருங்க."
பச்சை டிக். கீழே என் பெயர், பிழையில்லாமல்.
ஆனால் அது அவன் திரை.
அவன் திரையில் என் பணம் எப்படி இருக்கும்?

என் கைபேசியோடு வெளியே போனேன்.
வண்டிகளுக்கு நடுவே நின்று
ஆசி வாங்குகிறவனைப் போலத் தலைக்குமேல் பிடித்தேன்.
நான்கு கோடு சமிக்ஞை. மின்னஞ்சல் இல்லை.
ஐந்து நிமிடம். பதினொரு நிமிடம்.
காதுமடல் மரத்துப்போனது.

திரும்பி வந்து சொன்னேன்,
"வந்து சேர்ந்ததும் தருகிறேன்.
எடுத்து வைக்கிறேன், வேறு யாருக்கும் விற்க மாட்டேன்."
என் குரல் எனக்கே வங்கிக் குரலாகக் கேட்டது.
அவன் கோபப்படவில்லை.
கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.
"சரி" என்றான்.
கிண்ணத்தின் உதட்டை ஒரு விரலால் சுற்றிவிட்டுப் போனான்.
வெர்னா ஒன்றும் சொல்லாமல் நூலைக் கடித்து அறுத்தாள்.

நாலு பத்துக்கு,
கடைசிப் பெட்டியை வேனில் ஏற்றும்போது,
சட்டைப் பைக்குள் ஒரு அதிர்வு.
நூற்று எண்பது டாலர்.
அனுப்பியவர் கீலன் வென்ட்சல்.
குறிப்பு: பெரிய கிண்ணம். மாவு பிசைய.

கூடத்துக்குள் ஓடினேன்.
நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.
தண்ணீர்க் குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்த தொண்டரிடம்
பூட்ஸ், டேப் என்று கையால் காட்டிக் கேட்டேன்.
மத்தியானமே பஸ் ஏறிவிட்டானாம்.

பணத்தோடு வந்த முகவரிக்கு
மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்து
கடைசியில் இப்படி அனுப்பினேன்:
வந்துவிட்டது. எங்கே கொண்டு வரட்டும்?

அடுத்த கண்காட்சியிலும்
காத்திருக்கத்தான் சொல்வேன்.
அது மாறாது.

இப்போது பக்கத்து இருக்கையில் கிண்ணம்.
சீட் பெல்ட் போட்டிருக்கிறேன்.
சமிக்ஞை கிடைக்கிற வளைவுகளில் எல்லாம்
வேகத்தைக் குறைத்து
கைபேசி அதிர்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகிறேன்.