மஞ்சள் குப்பி

எத்திராஜுலுவின் இரைப்பையிலிருந்து
எள்ளளவு கிள்ளியெடுத்த சதையை
மஞ்சள் ஜெல்லுக்குள் புதைத்து
நேரம் குறிக்கிறேன்: பதினொன்று பத்து.

ட்ரெய்லர் ஓட்டுகிறவர்.
போன செவ்வாய், துறைமுக கேட் திறக்கக் காத்து
காசிமேட்டு ரோட்டில் பதினாறு மணி நேரம்
வண்டியிலேயே கிடந்திருக்கிறார்.
என்ன சாப்பிட்டீர்கள் என்றால்
"ரெண்டு பன்னு. ஏழெட்டு டீ.
அப்பால ஜெலுசில்."

உள்ளே ஊறும் அமிலம்
எலுமிச்சையைவிடக் கடுப்பு.
வழி தவறி விழுகிற கிருமிகள்
பெரும்பாலும் அங்கேயே வெந்துபோகும்.
இது மட்டும்
திருகாணி உடம்பால்
வழவழப்பைத் துளைத்துக்கொண்டு
சுவரோரம் ஒதுங்கிவிடும்.

அதன் தோலில் ஒரு கதவு.
புளிப்பு ஏறினால் திறக்கும்,
இறங்கினால் சாத்திக்கொள்ளும்.
திறந்திருக்கும்போது யூரியாவை இழுத்து
உடைத்து
அம்மோனியாவாக விடும்.
அமிலத்தை அது ஜெயிக்கவில்லை.
தன்னைச் சுற்றி
மயிரிழை அகலத்துக்கு மட்டுப்படுத்தி
அதற்குள் குடித்தனம்,
பிள்ளைகுட்டிகளோடு.

அம்மோனியா என்று சொன்னதும்
தொண்டை மரத்த குரலில் சிரித்தார்.
"எர்ணாவூர் மேடம் நானு.
நைட்ல காத்து திரும்புச்சுன்னா
ஈரத்துணிய மூஞ்சில கட்டிக்கினு படுப்போம்.
எனக்கே சொல்றியா அந்த வாசனைய?"

இன்னொன்றும் படித்திருக்கிறேன்,
அவரிடம் சொல்லவில்லை.
புளிப்பே இல்லாத இடத்தில்
யூரியாவை அள்ளிக் கொடுத்துப் பார்த்தார்களாம்.
தான் விட்ட காரத்திலேயே
செத்துப்போனதாம் அது.
நல்ல இடம் என்று எதைச் சொல்வது,
குப்பியைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்.
பக்கத்து அறையில் யாரோ ஓங்கரித்தார்கள்.

பதினொன்று இருபத்தைந்து.
சதையின் விளிம்பில் முதலில் ஒரு கறை,
பிறகு மஞ்சள் முழுதும்
பஞ்சுமிட்டாய் ரோஸ்.
இத்தனை அழகாக ஒரு நோய்
தன் பேரைச் சொல்ல வேண்டியதில்லை.

"பாசிட்டிவ்" என்றேன்.
"பாசிட்டிவ்னா நல்லதுதானே?"

டாக்டர் சீட்டைப் படித்துக் காட்டினேன்.
பதினாலு நாள். ஒருவேளைகூடத் தவறக்கூடாது.
இது சாப்பாட்டுக்கு முன்னால்,
இந்த இரண்டும் சாப்பாட்டுக்கு அப்புறம்.

மாத்திரை அட்டைகளைச் சட்டைப்பையில்
லாரி ரசீதுகளோடு செருகிக்கொண்டு
வாசல்வரை போனவர்
திரும்பி வந்து கேட்டார்:

"வரிசைல நிக்கறப்ப
எத சாப்பாடுன்னு வெச்சிக்கறது மேடம்,
பன்னையா?"