பல் போனால்

ஜனவரியில், காட்டிங்கன் தெருப் பனியில் வழுக்கி
முன்பல் உடைந்து வந்தார் ஆல்டன் டைன்ஸ்.
உடைந்த துண்டைக் கைக்குட்டையில் முடிந்து
மொய்ப்பணம் போல நீட்டினார்.
"ஒரு மில்லிமீட்டர் கூடினாலும்
ஊதுவது நானாக இருக்காது."
ஒவ்வொரு சொல்லிலும் காற்று ஒழுகியது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள் எங்களில்.
இவருக்குச் சொல் பித்தளையில் இருந்தது.
சட்டைப்பையிலிருந்து ட்ரம்பெட்டின் ஊதுவாயை எடுத்து
உதட்டில் பொருத்திக் காட்டினார்:
மேலுதட்டில் ஒரு பிறை,
ஏர் பிடித்த உள்ளங்கை மாதிரிக் காய்த்திருந்தது.
இருபத்து மூன்று வருடம், ஹாலிஃபாக்ஸில் பாதி ஊரின் வாய் பார்த்தவள்;
உழைத்துக் காய்த்த வாயை
அன்றுதான் பார்த்தேன்.

நான்கு முறை தேய்த்தேன்.
நான்கு முறையும் ஊதிப் பார்த்தார்,
ஊதுவாயை மட்டும், வாத்துக்குஞ்சுக் குரலில்.
வெளியே அழுதுகொண்டிருந்த பையன்
அழுகையை மறந்து சிரித்தான்.
ஐந்தாம் முறை கண்ணை மூடிக்கொண்டார்.
கட்டணத்தோடு ஒரு டிக்கெட்டையும் மேசையில் வைத்துப் போனார்.

மார்ச் மாதச் சனிக்கிழமை.
தேவாலயத்தின் நிலவறைக் கூடம், மடக்கு நாற்காலிகள்,
நனைந்த கம்பளி வாசம்.
'ட்ரம்பெட்டுக்கு ஒரு மாலை' என்று
அட்டையில் எழுதியவருக்குக் கடைசியில் இடம் போதவில்லை;
'மாலை' சுவரோரம் குனிந்து நின்றது.
ஐந்தே பேர். பியானோவில் மோய்ரா மக்கின்னிஸ்
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் நியூ ஆர்லியன்ஸின் சாவு ஊர்வலம்.
போகும்போது அழுது, புதைத்துத் திரும்புகையில் ஆடுகிற வாசிப்பு.
எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பிறகு இருபதுகள்.
கழுவுதொட்டி அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணத்தால்
குழலின் வாயை மூடித் திறந்தார்.
ட்ரம்பெட் அதட்டியது, கெஞ்சியது,
வாடகைப் பாக்கி கேட்டது.
முன்வரிசையில் ஒருவர் "அடுத்த வாரம்" என்று பதிலே சொல்லிவிட்டார்.

நாற்பதுகள்: மீன் ஏலம் கூறுகிறவனின் வேகம்.
ஐம்பதுகள்: அடைப்பானைச் செருகி, மைக்கை நெருங்கி,
ஒரே ஒரு சுரம்.
அதன்பின் வெறுமை.
கூடத்து ஹீட்டர்கூட மூச்சை அடக்கிக்கொண்டது.

எல்லோரும் நூறு வருடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
நான் மேல்வரிசை இடது முன்பல்லைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
தாங்குமா.
தாங்குமா.

கடைசி உருப்படியில், உயரத்தில், மிக உயரத்தில்,
ஏறவேண்டிய படிக்கு ஒரு விரற்கடை கீழே
உடைந்தது சுரம்.
ஈரத்துணி கிழிகிற சத்தம்.

என் பிசின். என் ஒரு மில்லிமீட்டர்.
மோய்ரா தலை தூக்காமல்
அதே கட்டையில் விரலை வைத்துக் காத்திருந்தாள்.
அவர் மறுபடி ஏறினார்,
அதே படிவரை,
அதே இடத்தில், வேண்டுமென்றே, உடைத்தார்.
மூன்றாம் தடவை சாக்ஸபோனும் சேர்ந்து உடைந்தது.
டிரம்ஸ்காரப் பெண் அந்த உடைவை ஒன்று என்று வைத்துக்கொண்டு
எண்ணத் தொடங்கினாள்.
அதற்குமேல் எது தவறு என்று
கண்டுபிடிக்க முடியவில்லை;
கண்டுபிடிக்கிற ஆளும் எனக்குள் எழுந்து போய்விட்டாள்.

கைதட்டல் ஓய்ந்ததும்
நீர்ச்சாவியை அழுத்திக் கருவியைச் சாய்த்தார்.
அத்தனை ஊரும், அத்தனை ஊர்வலமும்
ஒரு கரண்டித் தண்ணீராய்த் தரையில் சொட்டின.
நாள் முழுக்க எச்சில் உறிஞ்சும் குழாயோடு இருப்பவள்.
துடைக்கத் தோன்றவில்லை.

"பல்லா?" என்றேன், கோட்டுப் பொத்தானைத் தேடியபடி.
"எந்தப் பல்?" என்றார்.
மறந்துவிட்டாரா, மன்னித்துவிட்டாரா, தெரியாது.

வெளியே துறைமுகம் மறைந்திருந்தது.
மூடுபனிக் கொம்பு ஊதிற்று,
தாழ்ந்து, பிசிறில்லாமல், மாறாத ஒரே சுரம்.
பாவம்,
அதற்குப் பல் இல்லை.