ஆறு இலக்கம்

புந்தா அரேனாஸில் இன்று காற்று கொஞ்சம் அதிகம்.
தெருமுனையில் கயிறு கட்டிவிட்டார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொண்டு திரும்ப.
அந்தக் கயிற்றின் ஈரம் கையில் இருக்க
நெல்டா பர்ரியா என் மேசைக்கு வந்தாள்.
இரவு வகுப்பு, கணக்கியல், முதல் பருவம்.
"போனில் கல்லூரி மெயில் வரமாட்டேன்கிறது" என்றாள்,
தபால்காரனைத் திட்டும் குரலில்.

பெயர், புள்ளி, குடும்பப் பெயர்,
பிறகு வால் சுருட்டிய அந்தக் குறி.
நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்.
போன் யோசித்தது.
யோசித்து ஒரு நிபந்தனை வைத்தது:
பூட்டில்லாத போனுக்குக் கடிதம் கிடையாது.

"பூட்டா?"
சிரித்தாள்.
"எங்கள் வீட்டில் இது உப்பு ஜாடி மாதிரி.
மகன் பந்தாட்டம் பார்ப்பான்,
மாமியார் மருந்துச் சீட்டைப் படம் எடுப்பார்,
ஒஸ்வால்தோ
ஒஸ்வால்தோ பார்ப்பார்."
எதை என்று நான் கேட்கவில்லை.
என் வேலையில் அந்தக் கேள்வி இல்லை.

விரல் வையுங்கள் என்றேன்.
வைத்தாள். துடைத்து வைத்தாள்.
கட்டை விரல், ஆள்காட்டி, இடது கை.
மீண்டும் முயற்சிக்கவும்.
மீண்டும் முயற்சிக்கவும்.
பதினோரு வருடம் நண்டு ஆலையில்
முள்நண்டின் ஓடும் உப்புத் தண்ணீரும்
ரேகையைத் தின்றுவிட்டன.
எழுதத் தெரியாதவர்கள் வைத்தது கைநாட்டு.
படிக்க வந்தவளிடம் இயந்திரம் அதையே கேட்கிறது,
அதுவும் அவளிடம் இல்லை.
என் கன்னம் சுட்டது, நானே தேய்த்துவிட்டது போல.

சரி, ஆறு இலக்கம் போடலாம்.
பிறந்த நாள் வேண்டாம்.
மகனுடையதும் வேண்டாம்.
கல்யாண நாள்...
"அது வேண்டவே வேண்டாம்" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
தட்டும்போது பார்க்கக் கூடாது,
கையேட்டில் நாலாவது விதி.
நீரிணையில் ஒரு சரக்குக் கப்பல்
போகலாமா என்று நின்றுகொண்டிருந்தது.
எங்கோ ஒரு தகரக் கூரை அடித்துக்கொண்டது.
முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஆறு தட்டல்.
உறுதி செய்ய இன்னொரு ஆறு, இம்முறை வேகமாக.

"போன் தொலைந்தால்
இங்கிருந்தே எல்லாவற்றையும் அழித்துவிடலாம்" என்றேன்.
"யார் அழிப்பார்கள்?"
"நாங்கள். நீங்கள் சொன்னால்."
"நான் சொன்னால்."
"ஆமாம்."
"வேறு யாராவது வந்து சொன்னால்?"
"முடியாது."
அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

அப்போதுதான் கடிதங்கள் வந்து விழுந்தன,
மொத்தம் நாற்பத்து மூன்று.
வரவேற்பு, கட்டணம், நூலக நேரம்,
கார் நிறுத்தும் இடத்தில் மாற்றம்.
அவளிடம் கார் இல்லை.
ஆனாலும் நின்று அதையும் படித்தாள்,
அவள் பெயருக்கு வந்தது என்பதால்.

திரை தானாக அணைந்தது.
திறந்தாள். அணைத்தாள். மறுபடி திறந்தாள்.
"வீட்டில் கேட்டால்?"
"பல்கலைக்கழகத்தின் கட்டாயம் என்று சொல்லுங்கள்."
"அது உண்மைதானே?"
"முழு உண்மை."

வெளியே போகும்போது பார்த்தேன்,
ஒரு கை கயிற்றில்,
மற்றது கோட்டுப் பைக்குள் மூடியபடி.

பதிவேட்டைத் திறந்தேன்.
பிரச்சினை: மெயில் வரவில்லை.
தீர்வு: பூட்டு.
எடுத்த நேரம் நாற்பது நிமிடம்;
படிவத்தில் இருபதுக்கு மேல் கட்டமில்லை.
இருபதில் குறியிட்டு
அடுத்தவரைக் கூப்பிட்டேன்.